சுவிட்சில் க்யூஓஎஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிஸ்கோ 3560, 3750 சுவிட்சுகள் பழசானாலும் பல அலுவலக ரேக்குகளில் இன்னும் ஓடுகின்றன. ஐபி ஃபோன் வந்ததும் யாராவது புதுப்பையன் க்யூஓஎஸ் (குரல் போன்ற முக்கிய டிராஃபிக்குக்கு முன்னுரிமை தரும் அமைப்பு) போட உட்காருவான், அதே இடங்களில் சறுக்குவான். சேவ் செய்ய மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மாதக்கணக்கில் தெரியாமல் கிடப்பவை மட்டும் இங்கே.

பர்ஸ்டை 8000 என்று போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வேகத்துக்கு வரம்பு போடும் போலீஸ் (police) வரியில் இரண்டு எண்கள். முதலாவது வேகம், பிட் கணக்கு. இரண்டாவது பர்ஸ்ட், அதாவது ஒரே மூச்சில் விடும் அளவு, பைட் கணக்கு. கேள்விக்குறி போட்டால் 8000 முதல் 10 லட்சம் வரை என்று காட்டும். கை தானாக 8000-க்குப் போகும்.

8000 பைட் என்றால் முழு அளவு பாக்கெட் ஐந்துதான். 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் அது 64 மைக்ரோநொடியில் தீர்ந்துவிடும். அடுத்த பாக்கெட்டுக்கு டோக்கன், அதாவது கடந்து போக அனுமதி, இருக்காது. ஷேப்பர் என்றால் காக்கவைத்து அனுப்பும். போலீஸருக்குக் காக்கவைக்கத் தெரியாது, தூக்கிப் போட்டுவிடும். ஃபைல் காப்பியைச் சுமக்கும் டிசிபி உடனே வேகத்தைக் குறைக்கும், மெல்ல ஏறும், மறுபடி அடி வாங்கும். 10 எம்பிபிஎஸ் கொடுத்த இடத்தில் பாதி வந்தாலே அதிகம்.

ஒரு கிளை அலுவலகத்தில் இதனால் ஃபைல் காப்பி நொண்டியது. லைன் கொடுத்தவர்களோடு வாரக்கணக்கில் சண்டை. அவர்களும் பாவம், கேபிள், மோடம் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். யுடிபி சோதனையில் 10 எம்பிபிஎஸ் சுத்தமாக வந்தது. சீரான இடைவெளியில் வரும் பாக்கெட்டை இந்த பர்ஸ்ட் ஒன்றும் செய்யாது, அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அடித்தால், அவுட் ஆஃப் ப்ரொஃபைல் (வரம்பை மீறியவை) எண் ஏறிக்கொண்டே இருந்தது. அதுவரை ஒருவரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

வழக்கமான கணக்கு: வேகத்தை 8-ஆல் வகுத்து 1.5-ஆல் பெருக்குங்கள். 10 எம்பிபிஎஸ்-க்கு 18,75,000 பைட் வரும், சுவிட்ச் ஏற்காது. சரி, 10 லட்சமே போடுங்கள். குரலுக்கு இவ்வளவு வேண்டாம். பாக்கெட் சின்னது, சீராக வரும்.

குரலுக்கு 64 கேபிபிஎஸ் ஒதுக்குவது

ஜி.711 கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) மட்டும்தான் 64. 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கில் ஐபி, யுடிபி, ஆர்டிபி ஹெடர்கள் சேர்ந்தால் 80. ஈதர்நெட்டும் சேர்ந்தால் சுமார் 87. 64-இல் நிறுத்தினால் பேச்சு வெட்டி வெட்டி வரும்.

எம்எல்எஸ் க்யூஓஎஸ் போட்டதோடு எழுந்துவிடுவது

க்யூஓஎஸ்-ஐ இயக்கும் அந்த ஒரு வரியே எல்லா போர்ட்டையும் நம்பாத நிலைக்குத் தள்ளிவிடும். ஃபோன் தன் பாக்கெட்டில் 46 (குரலுக்கான டிஎஸ்சிபி முன்னுரிமைக் குறி) என்று குறித்து அனுப்பினாலும் 0 ஆகித்தான் வெளியே போகும். ஃபோன் போர்ட்டிலும் அப்லிங்கிலும் (அடுத்த சுவிட்சுக்குப் போகும் போர்ட்) டிரஸ்ட், அதாவது வரும் குறியை நம்பு என்ற கட்டளை, வேண்டும்.

எல்லா போர்ட்டுக்கும் டிரஸ்ட்

அப்படிச் செய்தால் பிசிகூட 46 குறித்துக்கொண்டு குரலுக்கான முன்னுரிமையை எடுத்துக்கொள்ளும்.

சிஓஎஸ் 5 என்றால் 46

சிஓஎஸ் என்பது ஈதர்நெட்டில் வரும் முன்னுரிமைக் குறி. அதன் 5 டிஎஸ்சிபி 46 ஆகும் என்று நினைப்பார்கள். இல்லை, 40. சிஓஎஸ்-இலிருந்து டிஎஸ்சிபிக்கு மாற்றும் மேப்பை மாற்றுங்கள்.

டிராப் வேண்டாம், குறியை இறக்கலாம்

வரம்பு மீறிய பாக்கெட்டின் குறி எதுவாக இறங்க வேண்டும் என்று சொல்லும் போலீஸ்டு டிஎஸ்சிபி மேப்பைத் தொட்டீர்களா? தொடாவிட்டால் 46 உள்ளே வந்து 46-ஆகவே வெளியே போகும்.

ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்

இந்த மாடல்களில் இந்தக் கட்டளை காட்டும் எண் நம்பத்தக்கதல்ல, பார்க்கவே பார்க்காதீர்கள்.