ஷிப்ட் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தேன். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் பொறுப்பேற்கும்போது, "ரெண்டாம் நம்பர் பம்ப் வேலை முடிஞ்சுது" என்றார் வீட்டுக்குக் கிளம்பியவர். வெளியே மஞ்சக்குப்பம் போகும் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நானும் "சரி" என்றேன். பம்பைப் போட்டதும் தரையெல்லாம் தண்ணீர். கசிவைத் தடுக்கும் சீலை மாற்றியாயிற்று என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். தண்ணீரை வடிக்கும் டிரெயின் வால்வு திறந்தே கிடந்தது. ஓட்டலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். கூலிங் வாட்டர் லைன் என்பதால் தப்பித்தோம். ஆசிட் லைனாக இருந்திருந்தால்?

‘முடிஞ்சுது’, ‘பாத்தாச்சு’, ‘ரெடி’ என்ற சொற்களை அப்படியே விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. எது முடிந்தது, எது பாக்கி, இப்போது ஓட்டலாமா கூடாதா, மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். கசிந்த வாயு தீப்பிடித்தது.

அப்புறம், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புதிதாக வந்த பையன் வேறென்ன சொல்வான்? "சரி சார்"தான். மறுபடி கேட்டால் திட்டு விழும் என்று அவனுக்குப் பயம். "முதல்ல எந்த வால்வைத் திறப்ப? சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். விமானிகள்கூட ஓடுபாதைக்கான அனுமதியைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். பையன் தப்பாகச் சொன்னால் கோபப்படாதீர்கள். பம்ப் ஓடுவதற்கு முன்னாடியே தெரிந்துவிட்டதே, அது எவ்வளவு நல்லது!

வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தால் செய்தியைத் திறந்தார் என்று மட்டுமே அர்த்தம். லாக் புக்கில் ‘நாளைக்கு’ என்று எழுதுவதும் வேண்டாம். ராத்திரி ஷிப்டில் ஒரு மணிக்கு அதைப் படிப்பவருக்கு எது நாளை? தேதியும் மணியும் போடுங்கள்.

பஸ்ஸுக்கு வருகிறேன். ஒரு ஷிப்ட் இறங்கும் நேரமும் அடுத்தது ஏறும் நேரமும் ஒன்றாகவே இருந்தால் எவரால் நின்று பேச முடியும்? பஸ்ஸைப் பத்து நிமிஷம் தள்ளி எடுக்கச் சொல்ல நிர்வாகத்தால் முடியும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பம்ப் வரை நடந்திருந்தால், திறந்து கிடந்த வால்வு கண்ணில் பட்டிருக்கும்.