லண்டனின் கிளாசிக்கல் தேவாலயங்களைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய தேவாலயம் என்றாலே கூரான வளைவும் வண்ணக் கண்ணாடியும்தான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள், ரோமானியத் தூண்களோடு, அதாவது கிளாசிக்கல் பாணியில், நிற்கும் பங்குக் கோயில்களைக் கண்டுகொள்ளாமலே தாண்டிவிடுகிறார்கள். கூரான வளைவு இருந்தால் பழையது என்பதே தப்புக் கணக்கு. விக்டோரியா காலத்தில், அதாவது 19ஆம் நூற்றாண்டில், கூரான வளைவு வைத்துக் கட்டிய கோத்திக் பாணிக் கோயில்கள் அங்கே ஏராளம். ஆனால் கோவென்ட் கார்டனில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் தூண் வைத்துக் கட்டிய செயின்ட் பால் கோயில் 1630களைச் சேர்ந்தது. லண்டனை எரித்த 1666 பெருந்தீக்குப் பிறகு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் பொறுப்பில் எழுந்த 51 கோயில்களும் அப்படித்தான், விக்டோரியா காலத்துக்கு ரொம்ப முந்தையவை.

இன்னும் பெரிய தவறு, முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுவது. இந்தக் கோயில்களுக்கு உயிர் உள்ளேதான் இருக்கிறது. பிரசங்கம் கேட்பதற்காகக் கட்டியவை இவை. புராட்டஸ்டன்ட் கோயிலில் வந்தவர்கள் எல்லோரும் போதகரைப் பார்க்கவும் வேண்டும், அவர் பேசுவது காதில் தெளிவாக விழவும் வேண்டும், ஆகவே 2000 பேருக்கு மேல் கொள்ளும்படி கட்டாதீர்கள் என்று ரென் எழுதியே வைத்திருக்கிறார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் பிக்காடிலியில் அவரே கட்டிய செயின்ட் ஜேம்ஸ். அகலமான ஒரே கூடம், இரண்டு பக்கமும் மாடி இருக்கைகள், வெளிச்சத்தைத் தடுக்காத கண்ணாடி என எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து வந்தவைதான். நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், எதை எதற்காக வைத்தார்கள் என்று தானாகவே புரியும்.

அப்புறம், உள்ளே கண்ணில் படுவதெல்லாம் கட்டியவர் வைத்தது என்று நம்பிவிடாதீர்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் கட்டடக் கலைஞர் ஹாக்ஸ்மோர் கட்டிய கிறைஸ்ட் சர்ச்சில் மாடி இருக்கைகளையும் கதவு வைத்த பழைய பெட்டி இருக்கைகளையும் 1866இல் அகற்றிவிட்டார்கள். மாடிகள் 2004இல் முடிந்த சீரமைப்பில்தான் திரும்பி வந்தன. ஃப்ளீட் தெரு செயின்ட் பிரைட் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனது, இன்றைய உட்புறம் போருக்குப் பிந்தையது. செயின்ட் ஸ்டீபன் வால்புரூக்கில் நடுவில் இருக்கும் வட்டமான கல் பலிபீடம் சிற்பி ஹென்றி மூர் செய்தது, 1987இல் வைத்தார்கள். தலைக்கு மேலே இருக்கும் குவிமாடம் ரென்னுடையதுதான், ஆனால் அது கல் இல்லை, மரச்சட்டத்தின் மேல் பூசிய சாந்து. அதனால்தான் எட்டு ஒல்லித் தூண்களை வைத்தே அதை அவரால் நிறுத்த முடிந்தது. அந்தக் கோயிலில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் இந்தச் சாமர்த்தியம்தான்.

தூண் மண்டபம் இருக்கும் பக்கம்தான் வாசல் என்று நினைப்பதும் சரிப்படாது. கோவென்ட் கார்டனில் சதுக்கத்தைப் பார்த்த பெரிய முகமண்டபத்தில் இருப்பது பொய்க்கதவு, அதற்கு உட்பக்கம் பலிபீடம் இருக்கிறது. உள்ளே போக மேற்குப் பக்கம் சுற்றி வரவேண்டும்.

கடைசியாக, டிரஃபால்கர் சதுக்கத்தின் செயின்ட் மார்ட்டின். ஜேம்ஸ் கிப்ஸ் 1720களில் கட்டியது. முகமண்டபத்துக்குப் பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு கோபுரம் எழுவதாகத் தோன்றும், உண்மையில் அது மேற்குக் கோடியில் தனக்கென்று உள்ள சுவர்களின் மேல்தான் நிற்கிறது. இந்த அமைப்பைப் பார்த்து உலகம் முழுக்கக் கட்டினார்கள், சென்னை எழும்பூரில் 1821இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயம் உட்பட. ஆனால் கிர்க்கை அதன் நகல் என்று சொல்லிவிட்டுப் போவதும் ஒரு தவறுதான், ஏனென்றால் மண்டபமும் கோபுரமும் ஒத்துப்போனாலும் கிர்க்கின் உட்கூடம் வட்டம். செயின்ட் மார்ட்டினுக்கே கிப்ஸ் முதலில் ஒரு வட்டக் கோயிலைத்தான் வரைந்து காட்டினார், செலவு அதிகம் என்று அது கைவிடப்பட்டது. 1728இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அந்தப் படத்தையும் அவர் சேர்த்திருக்கிறார். கிர்க்கை அதோடு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.