மிஸ்ட் தீவில் முதல் நாள்: புதிர் விளையாட்டைத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

ஓடுவது, சுடுவது, ஏறிக் குதிப்பது என்றே ஆடிப் பழகிய ஒருவரை மிஸ்ட் தீவில் இறக்கிவிட்டால், ஐந்தாவது நிமிடத்தில் அவர் கேட்கும் கேள்வி: "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. திரையின் மூலையில் வழிகாட்டும் அம்புக்குறி இல்லை, எதிரி இல்லை, நேரக் கெடு இல்லை. ஒரு படகுத்துறை, அலைச் சத்தம், மேட்டின் மேல் பிரம்மாண்டமான பல்சக்கரங்கள். அவ்வளவுதான். பலர் இந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் தடவை நானும் போனவன்தான். சில மாதம் கழித்து ஒரு நோட்டும் பென்சிலுமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் ஆட்டம் பிடிபட்டது. அந்த நோட்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்தப் பதிவில் பெரும்பகுதி.

கற்றுக்கொள்ள மிஸ்டையே எடுத்துக்கொள்வோம். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் தங்கள் சயான் நிறுவனத்தில் உருவாக்கி 1993-ல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு வெளியிட்ட விளையாட்டு இது. அன்று அது ஏறக்குறைய 2,500 அசையாப் படங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கிளிக்குக்கும் அடுத்த படம் வரும். 2021-ல் கம்ப்யூட்டருக்கு வந்த மறு ஆக்கத்தில் நாம் தாராளமாக நடந்து திரியலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் நீங்கள் சாக மாட்டீர்கள், எதையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடவும் முடியாது. கடைசிக் கட்டம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விடைகளை இங்கே எழுதப்போவதில்லை. வழிமுறை மட்டும்தான். பயப்படாமல் படிக்கலாம்.

படி 1: உட்காரும் முன் சில ஏற்பாடுகள்

ஹெட்போன் கட்டாயம். இந்த வகை விளையாட்டில் சத்தம் வெறும் அலங்காரம் இல்லை. ஒரு கதவு எங்கோ தூரத்தில் திறந்த ஓசை, ஒரு இயந்திரம் இயங்கத் தொடங்கிய முணுமுணுப்பு எல்லாமே தகவல். சில புதிர்களை முழுக்க முழுக்கக் காதால்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

செட்டிங்ஸில் திரை வெளிச்சத்தை, இருட்டு மூலைகள் மங்கலாகவாவது தெரியும் அளவுக்கு ஏற்றி வையுங்கள். சப்டைட்டில் இருந்தால் போட்டுவிடுங்கள். நடக்கும்போது தலை சுற்றினால் மோஷன் பிளர் என்று இருப்பதை அணைத்து, பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலப்படுத்திப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மிஸ்டின் புதிய பதிப்பில் புதிர்களின் விடைகளை மாற்றிப்போடும் ஒரு வசதியும் இருக்கிறது. முதல் ஆட்டத்திலேயே அதைப் போட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. இணையத்தில் எவரோ எழுதிவைத்த எண்ணை அப்படியே தட்டும் சபலத்துக்கே அப்போது இடமிருக்காது.

படி 2: நோட்டு

கட்டம் போட்ட நோட்டு இருந்தால் நல்லது. வரைபடம் போட வசதி. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். எடுங்கள், தப்பில்லை. ஆனால் நாற்பது ஸ்கிரீன்ஷாட் சேர்ந்த பிறகு எதில் என்ன இருக்கிறது என்று தேடுவதே தனிப் புதிராகிவிடும். அதைவிட முக்கியமாக, ஒரு குறியீட்டைக் கையால் வரையும்போதுதான் அதில் மூன்று கோடா நான்கு கோடா என்பதை நீங்கள் உண்மையில் கவனிக்கிறீர்கள்.

நோட்டில் நான் ஒதுக்கும் பக்கங்கள் மூன்று. ஒன்றில் இடத்தின் வரைபடம். அழகாக இருக்க வேண்டியதில்லை, எது எதற்குப் பக்கத்தில் என்று தெரிந்தால் போதும். இன்னொன்றில் பூட்டிக் கிடப்பவை: திறக்காத கதவு, அசையாத சக்கரம், எண் கேட்கும் பலகை. மூன்றாவதில் கையில் சிக்கியும் பயன் தெரியாதவை: ஒரு தேதி, ஒரு நேரம், சுவரில் கண்ட படம், காதில் விழுந்த இசைத் துணுக்கு. இந்த இரண்டாம் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் இடையே கோடு இழுப்பதுதான் ஆட்டமே.

படி 3: முதல் சுற்றில் எதையும் தீர்க்காதீர்கள்

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதலில் கண்ணில்பட்ட இயந்திரத்தின் முன்னால் நின்று அரை மணி நேரம் மல்லுக்கட்டுவது. அதற்குரிய தகவல் தீவின் மறுகோடியில் இருக்கலாம். அதனால் முதல் அரை மணி நேரத்தைச் சும்மா சுற்றிப் பார்க்க ஒதுக்குங்கள். போக முடிந்த எல்லா இடத்துக்கும் போங்கள். எதிர்ப்படும் பொத்தானை ஒரு தடவை அழுத்தி என்ன நடக்கிறது என்று பார்த்துக் குறித்துவிட்டு நகருங்கள். அண்ணாந்து பாருங்கள், வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வரும்போது தெரிகிற காட்சி, உள்ளே போகும்போது தெரியாது.

படி 4: கடிதத்தை இரண்டு தடவை படியுங்கள்

நடைபாதையில் ஒரு கடிதம் கிடக்கும். எடுத்துப் படியுங்கள். அது உங்களுக்கு எழுதியது அல்ல. அட்ரஸ் என்பவர் கேத்தரின் என்பவருக்கு எழுதியது. படகுத்துறைக்குப் பக்கத்து அறையில் ஒரு செய்தியை விட்டுவைத்திருக்கிறேன், இந்தத் தீவில் எத்தனை அடையாள ஸ்விட்ச்கள் இருக்கின்றன என்று எண்ணி அந்த எண்ணை அங்கேயுள்ள கருவியில் போட்டுப் பார் என்கிறது கடிதம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். முதல் வாசிப்பில் நமக்குக் கிடைப்பது ஒரு வேலை: ஸ்விட்ச்களை எண்ண வேண்டும். இரண்டாம் வாசிப்பில் வேறு விஷயங்கள் தட்டுப்படும். அவசரமாக எழுதிய கடிதம். எழுதியவர் இங்கே இல்லை. யாருக்கு எழுதினாரோ அவர் கைக்கும் இது போய்ச் சேரவில்லை. ஏன்? இந்த வகை விளையாட்டுகளில் கதையும் புதிரும் தனித்தனியாக ஓடுவதில்லை. ஆட்டத்தின் பின்பாதியில் யாரை நம்புவது என்று முடிவெடுக்கும்போது, முதல் நாள் நோட்டில் எழுதிவைத்த இந்த 'ஏன்' கைகொடுக்கும்.

சரி, எண்ணத் தொடங்குங்கள். ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளி வைத்து, அது எந்தக் கட்டடத்தின் அருகில் என்றும் எழுதுங்கள். வெறும் எண்ணிக்கை மட்டும் போதுமே, இடம் எதற்கு என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு துப்பு தருகிறேன்: கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாதது ஒன்று இருக்கும். எட்டவில்லை என்பதற்காக அதை விட்டுவிட்டால் கணக்குத் தப்பும்.

படி 5: இயந்திரத்தை முட்டிமோதாமல் விசாரிப்பது

தீவில் ஒரு சின்னச் செங்கல் கட்டடம் உண்டு. படி இறங்கிப் போனால் கீழே ஒரு மின்னாக்கி. அதன் முன்னால் பத்துப் பொத்தான்கள், இரண்டு மானிகள். இயந்திரப் புதிர்களை அணுகுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வழக்கமாக என்ன செய்வோம்? பத்தையும் படபடவென்று அழுத்துவோம். மானி எகிறும், அப்புறம் 'டப்' என்று எல்லாம் அடங்கிவிடும். மின்சாரம் எங்கோ துண்டாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம். வெளியே வந்து தேடினால் ஏணி வைத்த கோபுரங்கள் தெரியும். ஏறி பிரேக்கரைத் திரும்பப் போட்டுவிட்டு வரலாம். அந்தத் தண்டனைகூட ஒரு பாடம்தான்: மின்சாரம் எந்த வழியாக எங்கே போகிறது என்பதை உங்கள் காலாலேயே நடந்து தெரிந்துகொண்டீர்கள்.

இப்போது நிதானமாக. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதல் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். மானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். பிறகு இரண்டாவது. இப்படிப் பத்துக்கும். ஒன்று வெறும் 1 வோல்ட் கூட்டும், இன்னொன்று 22 கூட்டும். இரண்டே நிமிடத்தில் உங்கள் நோட்டில் ஒரு பட்டியல் உருவாகிவிடும். எத்தனை வோல்ட் வேண்டும் என்பது இந்த அறையில் இருக்காது. வேறோர் இடத்தில் அகப்படும். அகப்பட்டதும் மீதியெல்லாம் கூட்டல் கணக்கு. 'பூட்டிக் கிடப்பவை' பக்கத்தில் ஒரு வரி, 'பயன் தெரியாதவை' பக்கத்தில் ஒரு வரி, நடுவே ஒரு கோடு. முதல் கோட்டை இழுத்துவிட்டீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதும் என்ன நடந்தது என்று எழுதுவது. ஆட்டத்தில் பின்னால் வரும் சேனல்வுட் என்ற உலகத்தில் தண்ணீர்க் குழாய்களும் வால்வுகளும் வரும்போதும் இதே முறைதான். தண்ணீர் இப்போது எந்தக் குழாயில் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்துப் பின்தொடர்ந்து போனால் போதும்.

படி 6: நூலகம்

அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை எரிந்து கிடக்கும். தப்பியவற்றை முழுதாகப் படியுங்கள், தாண்டிப்போகாதீர்கள். வாக்கியங்களைவிட ஓரத்தில் இருக்கும் படங்கள்தான் பிற்பாடு அதிகம் உதவும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு புத்தகம் முழுக்க வெறும் கட்டம் கட்டமான வடிவங்கள், பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு. நான் பொறுப்பாக உட்கார்ந்து இருபது பக்கம் வரைந்துவிட்டேன். வேண்டாம். இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். எந்தப் பக்கம் என்பதை ஆட்டமே ஒருநாள் சொல்லும்.

சிவப்பு, நீலம் என இரண்டு புத்தகங்கள் தனியாக இருக்கும். இரண்டுக்குள்ளும் ஒவ்வோர் ஆள். இருவரும் தன் நிறத்துப் பக்கங்களைத் தேடிக்கொண்டு வரச்சொல்வார்கள், மற்றவனை நம்பாதே என்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான் கையில் எடுத்துவர முடியும். அவர்கள் சொல்வதையும் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7: மாட்டிக்கொண்டால்

மாட்டிக்கொள்வீர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதிலும் மூன்று வகை இருக்கிறது. எது என்று தெரிந்துகொண்டால் பாதி விடுதலை.

முதலாவது, பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. நோட்டில் கோடு இழுக்க எதுவுமே மிச்சமில்லை என்றால் இந்த வகை. திரும்ப ஒரு சுற்றுப் போங்கள். கதவுகளை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் மூடிப் பாருங்கள். மிஸ்டின் அடுத்த பாகமாக 1997-ல் வந்த ரிவனில், திறந்த கதவு தனக்குப் பின்னால் இருக்கும் வழியையே மறைத்துக்கொண்டிருக்கும். எத்தனை பேர் அதைத் தினமும் தாண்டிப் போனார்களோ.

இரண்டாவது, பார்த்துவிட்டோம், ஆனால் அது தகவல் என்று தோன்றவில்லை. இதுதான் கடினமானது, சுவையானதும்கூட. அதே ரிவனில் குழந்தைகள் படிக்கும் பள்ளி அறையில் ஒரு பொம்மை இருக்கிறது. விளையாட்டுச் சாமான்தானே என்று கடந்துபோவோம். அந்த ஊரின் எண்களைச் சொல்லித்தருவதே அதுதான், அதுவும் நம்மைப் போல் பத்துப் பத்தாக எண்ணாமல் இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணுகிற முறை. இந்த வகையில் சிக்கினால், 'இதை இங்கே வைத்தவர்கள் எதற்காகப் பயன்படுத்தியிருப்பார்கள்?' என்று ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, எல்லாம் புரிந்துவிட்டது, கைதான் தப்புகிறது. விடை சரி என்று மனசு அடித்துச் சொல்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. நோட்டையும் திரையில் இருப்பதையும் மறுபடி ஒப்பிடுங்கள். நேரத்தைப் பார்த்தால் காலையா மாலையா, வரிசை இடமிருந்தா வலமிருந்தா. இசைப் புதிரில் காது ஏமாற்றினால் போனில் ஒரு பியானோ செயலியை வைத்து ஒவ்வொரு சுரமாகப் பொருத்திப் பாருங்கள். நான் அப்படித்தான் தாண்டினேன், அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

மூன்றும் பலிக்கவில்லையா? சேவ் செய்துவிட்டு எழுந்து போங்கள். பாத்திரம் கழுவும்போது விடை வருவது இந்த விளையாட்டுகளில் சகஜம்.

படி 8: குறிப்பு பார்ப்பது

ஒரே இடத்தில் இரண்டு மாலைகள் வீணானால் குறிப்பு பார்க்கலாம். ஆனால் ஆட்டத்தை முழுக்க ஆடிக்காட்டும் வாக்த்ரூ வீடியோவைத் திறக்காதீர்கள். கேட்ட ஒரு விடையோடு கேட்காத பத்து விடைகளும் கண்ணில் விழுந்துவிடும். யூனிவர்சல் ஹிண்ட் சிஸ்டம் என்ற தளம் இதற்கென்றே இருக்கிறது: முதல் குறிப்பு ஒரு தூண்டுதல் மட்டும், போதவில்லை என்றால் அடுத்தது, கடைசியாகத்தான் விடை. ஒன்றைப் பார்த்ததும் மூடிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புங்கள். இந்தப் புதிரை ஏற்கனவே முடித்த நண்பர் பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்லது. "அந்த அறையில் எல்லாவற்றையும் பார்த்துட்டேனா?" என்று மட்டும் கேளுங்கள், ஆம், இல்லை என்பதற்கு மேல் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

கடைசிக் கட்டம்

முடிவை நெருங்கும்போது நீங்கள் ஒரு தேர்வு செய்தாக வேண்டும். முடிவுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, சிலவற்றிலிருந்து திரும்பி வர முடியாது. அதற்கு முன் தனியாக ஒரு சேவ் போட்டுவிட்டு, முதல் நாள் எழுதிய 'ஏன்' பக்கத்தை ஒருமுறை புரட்டுங்கள். முடித்த பிறகு மற்ற முடிவுகளையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நடிப்பு நன்றாக இருக்கும்.

அடுத்து எது? ஒரு வார்த்தைகூடப் பேசாமல் விதிகளைச் சொல்லித்தருவது பிடித்தால் 500-க்கும் மேற்பட்ட புதிர்கள் கொண்ட தி விட்னஸ் (2016). துப்பறிய ஆசை என்றால் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018): ஒரு கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்க வேண்டும். ஊர்சுற்றுவதுதான் பிடித்தது என்றால் அவுட்டர் வைல்ட்ஸ் (2019). அதில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் கண்டுபிடிப்புகளை விண்கலத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் குறித்துவைத்துக்கொள்ளும் என்பதால் நோட்டுக்கு வேலை குறைவு. நான் பழக்கதோஷத்தில் அதற்கும் ஒன்று போட்டேன்.