ஓரியூர்ச் செம்மணலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் மறைக்கல்விப் பிள்ளைகளைத் தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாக ஓரியூருக்கு அழைத்துப் போகிறேன். நீங்களும் அப்படிப் போவதாக இருந்தால், அந்த மண்ணில் கொல்லப்பட்ட புனித அருளானந்தரின் கதையைப் பஸ்ஸிலேயே தொடங்கிவிடாதீர்கள். முதலில் மணலைப் பார்க்கட்டும். கையில் அள்ளிய பிள்ளை, "இது ஏன் டீச்சர் சிவப்பாக இருக்கிறது?" என்று தானே கேட்கும். அதற்குப் பிறகு வாய் திறந்தால் போதும்.

அருளானந்தருடைய இரத்தம் பட்டு மண் சிவந்தது என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. அதை நம்பிக்கையாகவே சொல்லுங்கள். என் அப்பத்தா இந்த மணலை ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் வைத்திருந்தார். எங்களுக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசுவார். இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். நான் மறைப்பதில்லை. பிறகு சற்று நிறுத்தி, "இனிச் சொல்வது ஏட்டில் உள்ளது" என்பேன். இரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பைப் பிள்ளைகள் நன்றாகவே கண்டுகொள்கிறார்கள்.

1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, 1673இல் இந்தியா வந்தார். இயேசு சபையின் மதுரை மிஷனில் காவி உடுத்தி, புலால் விலக்கி, அருளானந்தர் ஆனார். 1686இல் இராமநாதபுரம் பகுதியான மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். அதன்பின் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டவர், 1690இல் மீண்டும் இங்கே வந்தார். அதை அழுத்திச் சொல்லுங்கள். அரண்மனையில் இளவரசருக்குத் துணையாக வளர்ந்தவர் அவர். அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம்.

சொல்பவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில்தான். திருமுழுக்குப் பெற விரும்பிய மறவர் தலைவர் தடியத்தேவர், மூத்த மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட இளைய மனைவி, மறவர் நாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட்ட பிறகே அருளானந்தர் பிடிபட்டார். நாடகம் போடுகிறவர்கள் அந்தப் பெண்ணைக் கெட்டவளாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாழ்ந்த வீட்டை இழந்த ஒருத்தியின் கண்ணீரும் இந்தக் கதையில் இருக்கிறது.

முடிவைச் சின்னப் பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்ல வேண்டாம். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டது. அதற்கு முதல் நாள்கூடச் சிறையிலிருந்து கடிதம் எழுதினார் என்று சொல்லுங்கள், போதும். 1947இல் புனிதர் பட்டம் கிடைத்ததைச் சொன்னால், "சுதந்திரம் வந்த வருஷம்!" என்று பிள்ளைகளே கூவுவார்கள்.

மணல் எடுத்துவரச் சிறு துணிப்பைகள் வேண்டும். காகிதப் பொட்டலம் வழியிலேயே கிழிந்துவிடும். மெழுகுவத்தி ஒன்று கூடுதலாக வாங்குங்கள். ஒரு முறை எங்கள் குழுவில் ஒரு சிறுமி, "அந்தச் சின்னம்மா பாவமில்லையா டீச்சர்?" என்று கேட்டாள். அன்று முதல் அவருக்காகவும் ஒன்று ஏற்றுகிறோம்.