மெடிச்சி மாளிகையின் முகப்பைப் பார்க்கும் முறை

இத்தாலியின் புளோரன்சில், மெடிச்சி எனும் வங்கியாளர் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் மிக்கெலோட்சோ 1444இல் கட்டத் தொடங்கிய மெடிச்சி மாளிகைக்குச் செல்பவர்கள், உடனே உள்ளே நுழைந்துவிடாமல், எதிர்ப்புறத் தெருவோரத்தில் நின்று முகப்பைக் கீழிருந்து மேலாகக் கவனிக்க வேண்டும். தரைத்தளத்தில் கரடுமுரடாகப் புடைத்து நிற்கும் கற்கள், அதற்கு மேல்தளத்தில் தட்டையாகி இணைப்புக் கோடுகளை மட்டும் காட்ட, உச்சித் தளத்தில் சுவர் முற்றிலும் வழவழப்பாகிறது. தளங்களின் உயரமும் மேலே செல்லச் செல்லக் குறைவதால், அத்தனை பெரிய கட்டடமும் கனமின்றி எழுவதாகத் தோன்றுகிறது. பண்டைய உரோமை நினைவூட்டும் அகன்ற கொடுங்கை, அதாவது கூரையோரத்தில் வெளியே நீண்டு நிற்கும் விளிம்பு, அந்த எழுச்சியை அழகாக நிறுத்துகிறது. முகப்பின் சிறப்பே இதுதான் என்பேன்.

அடுத்து, மூலையிலுள்ள தரைத்தளச் சாளரங்களைப் பாருங்கள். முதலில் திறந்த வளைவுகளாக இருந்த அவை 16ஆம் நூற்றாண்டில் அடைக்கப்பட்டன; சாளர வடிவமைப்பு மைக்கேலாஞ்சலோவுடையது. 17ஆம் நூற்றாண்டில் மாளிகையை வாங்கிய ரிக்கார்டி குடும்பத்தினர் முகப்பை வடக்கே நீட்டியதால், மூல அளவை மனத்தில் சுருக்கிப் பார்ப்பது அவசியம். முற்றத்தைப் பிறகு காணலாம்.