கலர் படம் வந்தால் விடை வந்துவிட்டதா? சிமுலேஷன் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"எனக்கு ஃப்ளூயன்ட் தெரியும் சார்" என்றுதான் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகள் பலர் பேச்சைத் தொடங்குகிறார்கள். காற்றும் தண்ணீரும் ஓடுவதைக் கணினியில் கணக்கிட்டு (அதுதான் சிமுலேஷன்) கலர் படமாகக் காட்டும் சாஃப்ட்வேர் அது. "வெளியேறும் பக்கத்தில் என்ன எல்லை நிபந்தனை கொடுத்தாய், ஏன்?" என்று, அதாவது அந்த ஓரத்தில் வேகமோ அழுத்தமோ என்னவென்று வைத்தாய் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். சாஃப்ட்வேரில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். இன்டர்வியூவில் அதை யாரும் கேட்பதில்லை.

நானும் இங்கேதான் விழுந்தேன். ஒரு சதுரப் பெட்டி. மூன்று பக்கம் அசையாத சுவர், மேல்மூடி மட்டும் ஒரே வேகத்தில் நகரும், உள்ளே திரவம் சுழலும். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் போடும் கணக்கு இது. ஒப்பிட்டுப் பார்க்க கியா, கியா, ஷின் மூவரும் 1982-ல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகம் பிசுபிசுப்பை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதன் அளவு) 100 என்றால், பெட்டியின் நடுவே செங்குத்தாகப் போகும் கோட்டில் எதிர்த்திசை வேகம் அதிகபட்சம் மூடியின் வேகத்தில் 0.211 மடங்கு வர வேண்டும். எனக்கு 0.17 வந்தது. ரெசிடுவல் (சமன்பாடுகளில் இன்னும் தீராமல் நிற்கும் மிச்சம்) அழகாக இறங்கியிருந்தது, படமும் பளிச்சென்று இருந்தது. கைடு படத்தைப் பார்க்கவே இல்லை. "மெஷ்ஷை இரண்டு மடங்கு பொடியாக்கினால் என்ன வருது?" என்றார்.

மெஷ்ஷை, அதாவது பெட்டியைப் பிரித்திருந்த 20-க்கு 20 கட்டத்தை 40, 80 என்று மாற்றியபோதுதான் எண் நகர ஆரம்பித்தது. நான் வைத்திருந்தது முதல்படி அப்விண்ட் முறை (ஓட்டம் வரும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பையே எடுத்துக்கொள்வது); திரவத்தில் இல்லாத பிசுபிசுப்பைக் கணக்கே சேர்த்துக்கொண்டிருந்தது. ரெசிடுவல் இறங்கினால், எழுதிய சமன்பாடுகள் தீர்ந்துவிட்டன என்று மட்டும்தான் பொருள். எழுதியது சரியா என்பதை அது சொல்லாது.

அடுத்தது, இடத்தைப் பார்க்காமல் மாடல் போடுவது. புதுச்சேரிக் கடலரிப்பை ப்ராஜெக்டாக எடுத்த ஒரு மாணவர், டிசம்பர் மாத அலையை மட்டும் உள்ளீடாகக் கொடுத்திருந்தார். மணல் தெற்கே போவதாக விடை வந்தது. வாடைக்காலத்துக்கு அது சரிதான். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே நகர்கிறது, ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பார்த்தாலும் வடக்கேதான் அதிகம். அதனால்தான் 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபின் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை போனது. வைத்திக்குப்பத்தில் மீனவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்த மாணவருக்கு ஒரு செமஸ்டர் மிச்சமாகியிருக்கும்.

கோடிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். லினக்ஸ், பைத்தான், கொஞ்சம் சி++ இல்லாமல் ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் சாஃப்ட்வேரில் சொந்தமாக எதையும் சேர்க்க முடியாது. அது இலவசம், கல்லூரியில் லைசென்ஸ் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது. மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், ஆகவே கடைசி வருடத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வீட்டில் "இன்னும் படிப்பா?" என்று கேட்பார்கள். ஆராய்ச்சி மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேச்சு அடங்கும்.

பேராசிரியர்களுக்கு மெயில் போடும்போது, ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பி "ரெஸ்பெக்டட் சார்" என்பதற்குப் பிறகு பெயரை மாற்ற மறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரியாத ஓர் இடத்தைக் கேளுங்கள். கூடவே ஒரு பக்க இணைப்பு போதும்: அந்தப் பெட்டிக் கணக்கு, மூன்று மெஷ், 1982 அட்டவணையோடு ஒப்பிட்ட ஒரு வரைபடம். கலர் படம் வேண்டாம்.