ஐந்து வாட் வால்வு கிட்டார் ஆம்ப்: கட்டுவது, இரைச்சலை அடக்குவது, மாற்றிப் பார்ப்பது

முதன்முதலாக வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் கட்டப் போகிறவர்கள் ஃபெண்டர் நிறுவனத்தின் 1950களின் சாம்ப், அதாவது 5எஃப்1 சர்க்யூட்டில் தொடங்குங்கள். மூன்றே வால்வுகள்: சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3. ஒரேயொரு வால்யூம் கண்ட்ரோல். சுமார் ஐந்து வாட் கிடைக்கும். வீட்டுக்குள் அது தாராளம். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் வால்வு திணறி ஒலி சிதையத் தொடங்கும். அந்தத் திணறலுக்காகத்தானே இவ்வளவு பாடும்.

சர்க்யூட் படம் தேடினால் கிடைத்துவிடும். படம் படிக்கவும் சாலிடர் வைக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். படம் சொல்லாமல் விடும் விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். படத்தில் எல்லா எர்த்தும் ஒரே குறிதான். சேசிஸுக்குள், அதாவது ஆம்பின் உலோகப் பெட்டிக்குள், வந்தால் ஒவ்வொரு எர்த்தும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். ஆம்ப் அமைதியாக இருப்பதும் இரைவதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் உயிர்

இந்தச் சர்க்யூட்டின் ஹெச்.டி., அதாவது வால்வுகளை ஓட்டும் உயர் டிசி வோல்டேஜ், 350 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். முதல் ஃபில்டர் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். ஃபில்டர்கள் மொத்தம் 36 மைக்ரோஃபாரட் என்றால் முக்கால் நிமிடத்தில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதை நம்பியும் கை வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே கை போக வேண்டும்.

மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு முனையை முதலை கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளங்கள். மற்ற கை பாக்கெட்டில் இருக்கட்டும். மீட்டரும் அதன் வயர்களும் குறைந்தது 600 வோல்ட் தாங்குபவையாக இருக்க வேண்டும். மெயின்ஸ் எர்த்துக்குச் சேசிஸில் தனி போல்ட், ஃபியூஸ், மூன்று முள் பிளக் மூன்றும் கட்டாயம். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின்ஸை நேராக எடுக்கும் பழைய மலிவு சர்க்யூட்களின் பக்கமே போகாதீர்கள்.

பொருள் வாங்கும்போது

பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் உங்கள் ஊர் மெயின்ஸ் வோல்டேஜுக்குப் பொருந்த வேண்டும். வெளியே 325-0-325, 6.3, 5 வோல்ட் சுற்றுகள் வேண்டும். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் சிங்கிள் எண்டட் (ஒற்றை அவுட்புட் வால்வுக்கான) வகை, பிரைமரி 5 முதல் 8 கிலோஓம். இதன் பிரைமரியில் எப்போதும் டிசி ஓடுவதால் உள்ளிரும்பில் காற்று இடைவெளி விட்டுச் செய்திருப்பார்கள். கைவசம் இருக்கிறதே என்று புஷ்-புல் (ஜோடி வால்வுகளுக்கான) ட்ரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் இரும்பு செறிவடைந்து ஒலி சுருங்கிப்போகும்.

முதல் ஃபில்டர் கெப்பாசிட்டர் 16 மைக்ரோஃபாரட், மற்ற இரண்டும் 10. மூன்றும் 500 வோல்ட் தாங்க வேண்டும். 450 போதாதா என்று கேட்பார்கள். 5ஒய்3 சட்டென்று சூடாகி வேலையைத் தொடங்கிவிடும். 6வி6 சூடாகிக் கரண்ட் இழுக்கச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் சுமை இல்லாமல் வோல்டேஜ் 450ஐத் தொட்டுவிடும். முதல் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் இரைச்சல் குறையுமே என்றும் தோன்றும். வேண்டாம், 20க்கு மேல் போனால் 5ஒய்3க்குச் சுமை.

போர்டு விஷயத்தில் என் கட்சி டேக் ஸ்ட்ரிப்தான், அதாவது சாலிடர் வைக்கும் உலோகக் காதுகள் வரிசையாக உள்ள பட்டை. மாற்றிப் பார்ப்பதற்கென்றே கட்டும் ஆம்பில் பிரிண்டட் போர்டு போட்டால், நாலாவது முறை சாலிடரை உருக்கும்போது செம்புப் பட்டை கழன்று வரும். டேக் ஸ்ட்ரிப்பில் எத்தனை முறை கழற்றினாலும் கவலையில்லை. சாலிடரிங் அயர்ன் 50 வாட்டுக்குக் குறையாமல், வெப்பம் கட்டுப்படுத்தக்கூடியதாக இருக்கட்டும்.

துளை போடுவதற்கு முன்

இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் காதாலேயே சரிபார்க்கலாம். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் முனைகளில் ஒரு ஹெட்ஃபோனை மாட்டுங்கள். அதன் பிரைமரி எதிலும் சேர்ந்திருக்கக் கூடாது. பவர் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மெயின்ஸ் கொடுங்கள், அதன் மற்ற முனைகள் எல்லாம் தனித்தனியாக டேப் சுற்றியிருக்க வேண்டும். இப்போது சேசிஸ் மேல் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை மெல்ல நகர்த்தியும் திருப்பியும் பாருங்கள். ம்ம்ம் என்ற முனகல் ஏறும், இறங்கும். ஏறக்குறைய மறைந்துபோகும் ஓர் இடம் தட்டுப்படும். அங்கே பென்சிலால் குறியுங்கள், பிறகு துளை போடுங்கள்.

வயரிங்: ஹீட்டர்

சாக்கெட்டைக் கீழிருந்து பார்க்கும்போது கால்களைக் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். மேலிருந்து பார்த்து எண்ணிவிட்டால் எல்லாமே தலைகீழ்.

ஹீட்டர் என்பது வால்வைச் சூடாக்கும் இழை. 12ஏஎக்ஸ்7இல் 4, 5ஆம் கால்களைச் சேர்த்து ஒரு முனை, 9ஆம் கால் மறு முனை. 6வி6இல் 2, 7. இரண்டு வயர்களையும் இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். 6.3 வோல்ட் சுற்றுக்கு நடு முனை இல்லையென்றால், இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரை எடுத்து ஒன்றாகச் சேருங்கள். அந்தச் சந்திப்பை எர்த்துக்குக் கொடுக்கலாம். 6வி6இன் கேத்தோடான (எலெக்ட்ரான்களை வெளிவிடும் முனையான) 8ஆம் காலில் சேர்த்தால் இன்னும் நல்லது. அங்கே உள்ள சுமார் 19 வோல்ட் ஹீட்டரைத் தூக்கிப் பிடித்து, 12ஏஎக்ஸ்7க்குள் முனகல் கசிவதைக் குறைக்கும்.

எர்த்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

எனக்குத் தண்ணி காட்டியது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

5ஒய்3 முதல் கெப்பாசிட்டருக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுப்பதில்லை. ஏசி அலையின் உச்சியில் மட்டும், குட்டிக் குட்டித் துடிப்புகளாகக் கொடுக்கிறது. அந்தத் துடிப்புகள் சராசரிக் கரண்ட்டைவிடப் பல மடங்கு பெரியவை. கெப்பாசிட்டரின் நெகட்டிவிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்கு அவை திரும்பியாக வேண்டும். நடு முனையைச் சேசிஸில் ஓரிடத்திலும் கெப்பாசிட்டர் நெகட்டிவை வேறோரிடத்திலும் திருகினால், துடிப்புகள் சேசிஸ் தகட்டின் வழியே ஓடும். தகட்டுக்கும் சிறிது தடை உண்டு. அங்கே பிறக்கும் மிகச் சிறிய வோல்டேஜ் இன்புட் ஜாக்கின் எர்த்துக்குக் கீழே அமர்ந்துவிட்டால், கிட்டார் சிக்னலோடு சேர்ந்து அதுவும் பெருகி ஸ்பீக்கரில் ர்ர்ர் என்று வரும்.

ஆகவே நடு முனை வயரை வேறெங்கும் தொடவிடாமல் நேராக முதல் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலிலேயே சாலிடர் வையுங்கள். 6வி6இன் 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனைக்கு) உரிய 220 கிலோஓம் ரெசிஸ்டர், ஸ்பீக்கர் நெகட்டிவ் மூன்றும் அதே இடத்துக்கு வரட்டும். அங்கிருந்து ஒரு வயர் இரண்டாம் கெப்பாசிட்டரின் நெகட்டிவுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு. 12ஏஎக்ஸ்7இன் எர்த்துகளும் வால்யூம் கண்ட்ரோலின் எர்த்தும் இந்த மூன்றாவதில். அங்கிருந்து கடைசியாக இன்புட் ஜாக். இந்தத் தொடர் முழுவதும் சேசிஸைத் தொடுவது இன்புட் ஜாக்கில் மட்டுமே.

இவ்வளவும் செய்த பிறகும் என் ஆம்ப் இரைந்துகொண்டே இருந்தது. ஸ்பீக்கர் ஜாக்தான் காரணம். உலோக ஜாக்கை நட்டு போட்டு இறுக்கியதும் அது தானாகவே சேசிஸோடு சேர்ந்து இரண்டாவது பாதையைத் திறந்துவிட்டது. பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக்கை மாற்றியதும் அடங்கியது. உங்கள் ஆம்ப் இரைந்தால் இன்புட் ஜாக் வயரைக் கழற்றிவிட்டு, எர்த் தொடருக்கும் சேசிஸுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. 6வி6 கேத்தோடு வழியாகச் சேர்த்த ஹீட்டர் சந்திப்பும் சேசிஸைத் தொடக் கூடாது. அளந்து முடித்ததும் மறக்காமல் வயரைத் திரும்ப வைத்துவிடுங்கள். அது இல்லாமல் ஆம்பை ஓட்டுவது ஆபத்து.

எந்த இரைச்சல் என்று காதே சொல்லிவிடும். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் உள்ள நாடுகளில், ஹீட்டரிலிருந்து வருவது 50 ஹெர்ட்ஸ், அடிவயிற்றிலிருந்து வரும் முனகல். ஹெச்.டி.யிலிருந்து வருவது 100 ஹெர்ட்ஸ், சற்றுக் கூர்மையானது. வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனதும் நின்றால் குறை இன்புட் பக்கம். நிற்காவிட்டால் அதற்குப் பின்னால்.

முதல் உயிரூட்டல்

மெயின்ஸ் வரிசையில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. வால்வு எதுவும் இல்லாமல் ஆன் செய்து ஏசி வோல்டேஜ்களை அளங்கள். 6.3 இருக்க வேண்டிய இடத்தில் சுமையில்லாததால் 7க்குப் பக்கமாகக் காட்டலாம். அணைத்துவிட்டு 12ஏஎக்ஸ்7, 6வி6 இரண்டையும் செருகி ஹீட்டர் ஒளிர்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் இந்த ஆம்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வீணாகும். கடைசியாக 5ஒய்3. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள்.

பல்பை நீக்கியபின் 6வி6இன் 8ஆம் காலில் 19 வோல்ட் இருந்தால், 470 ஓமால் வகுக்க 40 மில்லிஆம்பியர். அதில் ஓரிரண்டு ஸ்கிரீனுக்குப் போக, பிளேட்டுக்கு (எலெக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனைக்கு) 38. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 320 வோல்ட் என்றால் சுமார் 12 வாட். 6வி6இன் பழைய தரவுத்தாளில் அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் 470க்குப் பதில் 560 ஓம் போடுங்கள். 12ஏஎக்ஸ்7இன் கேத்தோடுகளில் ஒன்றரை வோல்ட்டை ஒட்டி ஏதாவது இருந்தால் கவலையில்லை.

ஆன் செய்ததும் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து 12ஏஎக்ஸ்7இன் இரண்டாம் கேத்தோடுக்குப் போகும் 22 கிலோஓம் எதிர்ப் பின்னூட்டம், அலை தலைகீழாகி நேர்ப் பின்னூட்டமாகிவிட்டது, அவ்வளவுதான். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஊளை இல்லாவிட்டாலும் ஒருமுறை அந்த ரெசிஸ்டரை எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் சத்தம் கூடினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றிப் பார்க்க

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது என்ன செய்தது என்றே தெரியாது.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது முதல் கேத்தோடின் 1.5 கிலோஓமுக்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர். 5எஃப்1இல் அங்கே கெப்பாசிட்டர் கிடையாது. அது இல்லாமல் அந்தக் கட்டத்தின் பெருக்கம் ஏறத்தாழ 30 மடங்கு. 25 மைக்ரோஃபாரட் போட்டால் 60ஐத் தொடும். ஆம்ப் முன்னதாகவே திணறத் தொடங்கும். முழுதாகக் கூட்டினால் கீழ்ச் சுரங்கள் குழைந்துபோகின்றன என்றால் 0.68 மைக்ரோஃபாரட் போடுங்கள். அது நடுவையும் மேலையும் மட்டும் தூக்கும். என் ஆம்பில் நிலைத்தது இதுதான்.

அடுத்து, அந்த 22 கிலோஓமை ஒரு ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். துண்டித்தால் ஒலி முரட்டுத்தனமாகும், சேர்த்தால் பண்பட்டு நிற்கும். இரண்டுமே வேண்டியவை, ஆகவே ஸ்விட்ச்.

சிறிய ஸ்பீக்கரில் அடித்தொனி தொளதொளத்தால், 6வி6இன் கிரிட்டுக்குப் போகும் 0.022 மைக்ரோஃபாரடை 0.0047 ஆக்கிப் பாருங்கள். 220 கிலோஓமோடு சேர்ந்து 33 ஹெர்ட்ஸில் இருந்த வெட்டு 154க்கு ஏறும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ் என்பதால் மாற்றம் நன்றாகவே கேட்கும். அதிகம் என்று பட்டால் 0.01.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ரேடியோ கேட்கிறது என்று சிலர் எழுதினார்கள். இன்புட்டில் உள்ள 68 கிலோஓமை ஜாக்கில் வைக்காமல், 12ஏஎக்ஸ்7இன் 2ஆம் காலிலேயே ஒட்டி வையுங்கள். நின்றுவிடும்.

எர்த் எல்லாம் சரியாகச் செய்தும் 100 ஹெர்ட்ஸ் மீதம் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. ஒற்றை அவுட்புட் வால்வு, புஷ்-புல் ஜோடிபோல ஹெச்.டி. அலையைத் தானே அடித்துக்கொள்ளாது. முதல் கெப்பாசிட்டருக்குப் பின் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றும், அதன்பின் 47 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்து, அங்கிருந்து அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுங்கள். சுமார் பத்து வோல்ட் போகும். அலை ஆறில் ஒரு பங்காகும். தேக்கம் கூடிவிட்டதால் அணைத்தபின் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

6வி6இன் பிளேட் சிவக்கிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். அடுத்த முறை ஆன் செய்ததும் 5ஆம் காலில் டிசி அளங்கள். பூஜ்ஜியம் இருக்க வேண்டும். சில வோல்ட் பாசிட்டிவ் காட்டினால் கிரிட்டுக்குப் போகும் கெப்பாசிட்டர் கசிகிறது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காகிதக் கெப்பாசிட்டர் போட்டவர்களுக்குத்தான் இது வருகிறது. புதிய 630 வோல்ட் ஃபிலிம் வகை போடுங்கள்.